காயிலுக்கு இட்ட திருநீறு

புகழேந்திக்குப் பேச ஆள் இல்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்காதீர்கள். எழிலரசி என்று வாயும் வார்த்தையுமாக ஒரு பெண்டாட்டி இருந்தாள். கலெக்டர் ஆபீசில் அவன் வேலை பார்த்த பிரிவில் வாய் மூடாத ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஆபீஸ் விட்டதும் சைக்கிளை நேராக அக்கா வீட்டுக்கு விட்டு, வாசப்படியில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டி, ஒரு டம்ளர் காபியும் நாலு திட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால்தான் அவனுக்குப் பொழுது போன மாதிரி இருக்கும். அந்த வழக்கம் நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது.

நின்றதற்குக் காரணம் ஒரு குத்துவிளக்கு. அவர்கள் வழக்கத்தில் புது வீட்டுக்குள் முதல் விளக்கை ஏற்றுவது கூடப்பிறந்தவள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புகழேந்தி வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, அக்கா சந்திரம்மாள் பட்டுப்புடவை கட்டி, எண்ணெய்க் கிண்ணமும் திரியுமாக வாசலில் தயாராக நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு தாசில்தார் குடும்பத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார். மேலதிகாரி முகூர்த்தத்துக்கே வந்துவிட்டாரே என்ற பதற்றத்தில் புகழேந்திக்குப் புத்தி எங்கே போயிற்றோ, "மேடம், நீங்களே விளக்கேத்துங்க" என்று சொல்லிவிட்டான். தாசில்தார் வீட்டம்மாளும் பாவம், ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டாள். சந்திரம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு, சாப்பாட்டில் கை நனைக்காமல் வீடு போய்ச் சேர்ந்தாள்.

ரெண்டு நாளில் கோபம் ஆறிவிடும் என்று இவன் நினைத்தான். யார் கோபம்? சந்திரம்மாள் கோபமா ஆறும்? அவள் வீடும் வேங்கிக்காலில்தான், ரெண்டு தெரு தள்ளி. ரேஷன் கடையில் எதிரே வந்தால் அவள் மலையைப் பார்ப்பாள். மலை முதுகுப் பக்கம் இருந்தாலும் திரும்பி நின்று பார்ப்பாள். அவள் வீட்டுக்காரர் மூர்த்தி கண்டக்டர் வேலைக்காரர், நல்ல மனுஷன். அவரிடம் சமாதானம் சொல்லி அனுப்பினான். நேரிலும் போய்க் கேட் அருகே நின்றான். "தாசில்தார் வீட்டம்மா வீட்டுல காபி குடுப்பாங்க, அங்க போவச் சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

இது இப்படியே ஓடியிருந்தாலும் ஓடியிருக்கும். ஆனால் தொண்ணூற்றேழாம் வருஷம் அக்கா மகள் ஓவியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். தாய்மாமன் இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் உண்டா? மாலை போடுவதிலிருந்து மணையில் உட்கார வைப்பது வரை மாமன் கை வேண்டும். அந்த இடத்துக்கு, கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை வியாபாரம் பார்க்கும் ஒன்றுவிட்ட தம்பி சுப்பனைச் சொல்லி வைத்திருப்பதாக மூர்த்தி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். பத்திரிகையிலும் அவன் பேர்தானாம். ஓவியாவைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தவன் புகழேந்தி. அவளுக்குக் காது குத்தியபோது இவன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அவன் "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னான். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மனசு சரியில்லாதவன் குடிப்பான், சீட்டாடுவான். இவன் ரேடியோ கட்டினான். கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. நாம் பேசினால் நாலு தெருவில் சாதாரண டிரான்சிஸ்டரில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்கு லைசென்ஸ் இல்லை, மாட்டினால் வேலைக்கே வம்பு என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாமலா? தெரியும். அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் பின்கட்டு அறையில் வைத்துக் கட்டினான்.

அமைப்பு ரொம்பச் சின்னது. ரெண்டு கண்ணாடி வால்வு. ஒன்று அலையை உண்டாக்கும். இன்னொன்று மைக்கிலிருந்து வரும் பேச்சை வாங்கி, முதல் வால்வுக்குப் போகிற மின்சாரத்தைப் பேச்சுக்குத் தக்கபடி கூட்டும், குறைக்கும். அலையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் எதிர்ப்பக்க ரேடியோவில் குரலாக வரும். வால்வு ரெண்டும் அவன் அப்பா வைத்திருந்த பழைய பெட்டி ரேடியோவில் இருந்தவை. மைக், உடைந்த டெலிபோன் ரிசீவரில் கழற்றியது. ரேடியோ டயலில் எந்த இடத்தில் ஒலிபரப்பாக வேண்டும் என்பதை ஒரு செம்புக் கம்பிச் சுருளும், அதாவது காயிலும், திருகினால் தகடு நகரும் கண்டன்சரும் சேர்ந்து முடிவு செய்யும்.

இந்தக் காயில் பட்டபாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் ஒரு பவுடர் டப்பா மேல் சுற்றினான். தகர டப்பா மேல் சுற்றினால் அலை எங்கே வரும்? பாதி சுற்றும்போதே தலையில் அடித்துக்கொண்டு பிரித்தான். அடுத்தது மூங்கில். வெயில் நாளில் அருமையாக வேலை செய்தது. ஆவணியில் நாலு மழை பெய்ததும் மூங்கில் ஊறி, காலையில் ஓரிடமும் சாயங்காலம் ஓரிடமுமாக ஒலிபரப்பு நகர ஆரம்பித்தது. கடைசியில் வீடு கட்டியபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு அறுத்துச் சுற்றினான். அது நின்றது. அப்புறம் "ங்ஙங்" என்று ஒரு கரண்ட் இரைச்சல். பெரிய கண்டன்சர் ஒன்று போட்டு அதையும் பாதிக்கு அடக்கினான். உள்ளே ஓடுவது இருநூற்றைம்பது வோல்ட். அதனால் வலது கையால் தொடும்போதெல்லாம் இடது கையை லுங்கி மடிப்பில் சொருகிக்கொள்வான். "உங்க மாப்பிள்ளை முறுக்கு இன்னா இது, ஒத்தக் கையில வேலை" என்பாள் எழிலரசி. ரெண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயும் என்று அவன் விளக்கம் சொன்ன நாளிலிருந்து அவளே வாசலில் நின்று, "இடது கை எங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

இந்தப் பக்கத்தில் சினிமாப் பாட்டுக்கு எல்லோரும் கேட்பது புதுச்சேரி வானொலி. அதன் மேல் ஏறிப் பேசினால் ஊர் சும்மா விடாது. ஆகவே டயலில் புதுச்சேரிக்கு அரை விரல்கடை மேலே, கரகரவென்று காலியாகக் கிடந்த ஓர் இடத்தைப் பிடித்தான். எழிலரசியின் டிரான்சிஸ்டரில் அந்த இடத்தில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தான். தண்ணித் தொட்டிக்கும் பக்கத்துத் தென்னை மரத்துக்கும் நடுவே ஏரியல் கம்பி கட்டி, போர்வெல் இரும்புக் குழாயில் எர்த் கொடுத்தான். நீள ஏரியலோடு முதல் சோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்வதாக இருந்தான்.

"அதெல்லாம் முடியாது" என்றாள் எழிலரசி. "ஆயுதபூஜைக்கு வெச்சுக் கும்பிட்டு, விஜயதசமி அன்னிக்கு எடுங்க. புதுசா ஆரம்பிக்கறதை எவனாவது கண்ட நாள்ல ஆரம்பிப்பானா?" இவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஆனாலும் ஆயுதபூஜை என்று வந்துவிட்டால் திருவண்ணாமலையில் பொரி சாப்பிடாத கறுப்புச் சட்டை ஏது? சரி என்று விட்டான்.

ஆயுதபூஜை அன்று வீட்டில் அரிவாள்மணை, சைக்கிள், தையல் மிஷின், சுத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டன. ரேடியோவுக்கும் வாழைப்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். மறுநாள் விஜயதசமி. புகழேந்தி குளித்துவிட்டு வருவதற்குள் எழிலரசி இன்னொரு முறை கும்பிட்டு முடித்திருந்தாள். பளபளவென்று வேலைப்பாடாக இருந்தது காயில்தான். எனவே நல்ல எண்ணத்தில் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து அந்தக் காயிலுக்கு மூன்று பட்டை இட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். அது சுவர்ப் பக்கமாக இருந்ததால் இவன் கண்ணில் படவில்லை. எழிலரசியும் சொல்லவில்லை. சாமி காரியத்தைச் சொல்லிக் காட்டுவார்களா?

"நான் ரேஷன் கடை வரைக்கும் ரேடியோவைக் கையில வெச்சுக்கிட்டு நடந்துட்டு வரேன். நீங்க நிறுத்தாம பேசிக்கிட்டே இருக்கணும், அப்பதான் எங்க வரைக்கும் கேக்குதுன்னு தெரியும்" என்றாள். "ஆனா டெஸ்டிங், ஒன் டூ த்ரீன்னு மானத்தை வாங்காதீங்க. ஏதாவது கதை பேசுங்க."

"என்ன கதை?"

"ஆறு வருஷமா பேச ஆளில்லைன்னு புலம்பறீங்க இல்ல. அதைப் பேசுங்க. என்னைத் தவிர யாரும் கேக்கப் போறதில்லை."

அவள் போனாள். வால்வு சிவந்து சூடேறியது. புகழேந்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தான்.

"எழில், கேக்குதா? கேட்டாலும் நீ குறுக்க பேச முடியாது, அது எனக்கு வசதி. இப்ப நான் பேசறேனே இந்த வால்வு, இது எங்கப்பா பெட்டியில இருந்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அதைக் கழட்டிப் போட்டேன். உள்ள பாடறவன் எங்க உக்காந்திருக்கான்னு பாக்கணும். திரும்ப மாட்டத் தெரியலை. அப்பா வந்தாரு, பெல்ட்டை உருவிட்டாரு. எங்கக்கா முந்திக்கிட்டு, நான்தாம்ப்பா தூசி துடைக்கும்போது கீழ போட்டுட்டேன்னுச்சு. கல்யாண வயசுப் பொண்ணு, அவ்ளோ அடியையும் வாங்கிச்சு. மறுநாள் முதுகுல எண்ணெய் தடவிக்கிட்டே என்னைக் கேட்டுச்சு, 'உள்ள யார்றா இருந்தான்?' யாரும் இல்லக்கா, கண்ணாடி பல்பு மாதிரிதான் இருந்துச்சுன்னேன். 'அப்ப பாடறது யாருன்னு கண்டுபுடிச்சு எனக்குச் சொல்லு'ன்னுச்சு. அன்னிக்கு என் முதுகுல அடி விழுந்திருந்தா நான் ஆயுசுக்கும் ரேடியோவைத் தொட்டிருக்க மாட்டேன். இந்த ஒயர், இந்த சால்டரிங், எல்லாமே அது குடுத்தது."

பேச்சு பிடித்துக்கொண்டது. ஆறு வருஷம் அடைத்துக் கிடந்தது மடை திறந்தால் நிற்குமா? அம்மா செத்த வருஷம், அக்கா ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதைச் சொன்னான். வேண்டுதல் என்று மலையைச் சுற்றும்போது நாலு வயசுப் பையனான தன்னை இடுப்பிலிருந்து இறக்காமலே சுற்றியதைச் சொன்னான். "அடி அண்ணாமலை வந்ததும் இறக்கி விடுக்கா, நடக்கறேன்னேன். 'தூக்கிக்கிட்டுப் போனாத்தான் பலிக்கும்'னுச்சு. என்னா வேண்டுதல்னு இன்னிய வரைக்கும் வாயைத் தொறக்கலை. எனக்கு வேலை கெடைச்சதா, நான் உயிரோட இருக்கறதா, எது பலிச்சதுன்னு அதுக்குத்தான் தெரியும்."

தெருக்கோடியில் எழிலரசி திரும்பி வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவன் அவசரமாகத் தொடர்ந்தான்.

"இன்னொண்ணு இருக்குது எழில், உன்கிட்ட கூட சொன்னதில்ல. ஆரணியில இருந்து அக்காவைப் பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல இடம். அவங்க கிட்ட அக்கா என்னா சொல்லிச்சுன்னு அப்பாவுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. நான் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தேன்..."

கேட் திறந்தது. "ஏங்க, எதுக்கு வீணா கத்தறீங்க. ஒண்ணுமே கேக்கலை, ரேஷன் கடை வரைக்கும் கரகரன்னுதான் இருக்குது" என்றாள் எழிலரசி. புகழேந்தி சுவிட்சை அணைத்தான்.

ரேடியோ கட்டிப் பேசிய அத்தனையும் காற்றோடு போயிற்றா என்று ஒரு பக்கம் வெறுப்பாக வந்தது. இன்னொரு பக்கம், நல்லவேளை என்றும் இருந்தது. இணைப்பு எங்கேயாவது விட்டுப் போயிருக்கும் என்று பெட்டியைச் சுவரிலிருந்து திருப்பினான். மூன்று பட்டைத் திருநீறும் சந்தனப் பொட்டுமாகக் காயில் அவனைப் பார்த்தது.

"இது யார் வேலை?"

"ஏன், அழகா இல்லையா?"

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஈரத் திருநீறு காயிலில் ஒட்டினால் ஒலிபரப்புகிற இடம் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கும்? டிரான்சிஸ்டரை வாங்கி, பெட்டியை மறுபடி போட்டு, முள்ளை நகப்பாலிஷ் புள்ளியிலிருந்து மெல்ல கீழே நகர்த்தினான். புதுச்சேரி வானொலியின் பாட்டு ஒரு விசிலுக்கு அடியில் அமுங்கிப்போய், அவன் மூச்சு விடும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. சட்டென்று அணைத்தான்.

"எழில், காலையில இந்நேரம் புதுச்சேரி ஸ்டேஷன் யாரு கேப்பாங்க?"

"பண்டிகை நாளு. யாரு கேக்க மாட்டாங்க?" என்றாள் அவள், பயந்த குரலில்.

அக்கா வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும் ரேடியோ விடிந்தால் பாட ஆரம்பித்து மூர்த்தி டூட்டி முடிந்து வரும் வரை பாடும். அது இவனுக்கு நன்றாகத் தெரியும். ஈரத்துணியால் காயிலைத் துடைத்தான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். போலீஸ் வருவது பற்றிக்கூட அவனுக்கு அவ்வளவு கவலை இல்லை. ஆரணி பேச்சைத் தெருவில் எடுத்துவிட்டோமே, பத்திரிகையில் பேர் போனது போக இனி முகத்தில்கூட விழிக்க மாட்டாளே என்பதுதான் பயம்.

பத்து மணிக்கு முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனான். கடைக்காரப் பச்சையம்மாள் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டே, "தம்பி, காலையில ரேடியோவுல உங்க குரல் மாதிரியே ஒருத்தர் பேசினாருப்பா. யாரோ அக்காவைப் பத்தி. எனக்கு எங்கண்ணன் நெனப்பு வந்துடுச்சு. நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு, பாதியில நிறுத்திட்டானுங்க பாவிங்க" என்றாள். "அப்படிங்களா" என்று பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான்.

மத்தியானம் முழுக்க அவன் வெளியே தலைகாட்டவில்லை. நாலு மணி சுமாருக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சந்திரம்மாள். ஆறு வருஷத்தில் முதல் முறையாக அந்தப் படியில் கால் வைத்தாள். முகம் சுட்டெரிக்கிற மாதிரி இருந்தது.

"வாங்க அண்ணி" என்றாள் எழிலரசி.

"எங்க அது?" என்று கேட்டுக்கொண்டே சந்திரம்மாள் பின்கட்டு அறைக்குள் போனாள். ரெண்டு வால்வையும் ஒரு சுற்றுக் கம்பியையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"ஆரணிக்காரங்க கிட்ட நான் இன்னா சொன்னேன்?"

அவன் துணியை எடுத்து மறுபடியும் காயிலைத் துடைத்தான்.

"சொல்லுடா. காலையில ஊருக்கே சொல்ல வந்தவன்தானே."

"உனக்கு அப்பப்ப வலிப்பு வரும்னு சொன்னேக்கா."

சந்திரம்மாள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நீ தூங்கிக்கிட்டு இருந்தே" என்றாள்.

"தூங்கலை. கட்டிலுக்கு அடியில இருந்தேன். பையனை எங்கியாவது ஆஸ்டல்ல, அனாதை இல்லத்துல சேத்துட்டுத்தான் பொண்ணு வரணும்னு மாப்பிள்ளையோட அம்மா சொன்னாங்க. நீ காபி டம்ளரைக் குடுத்துக்கிட்டே வலிப்பு வரும்னு சொன்னே. அவங்க போண்டாவைப் பாதியில வெச்சுட்டு எழுந்து போனாங்க. அப்பா சாகற வரைக்கும், ஏன் போனாங்கன்னு தெரியலையேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

யாருக்கும் தெரியாது என்று அவள் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் பூட்டி வைத்திருந்த விஷயம். ஏழு வயசுப் பையன் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டே வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், தினமும் அவள் வாசப்படியில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறான்.

"இத்தனை வருஷமா தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றாள். இப்போது குரலில் கோபம் இல்லை.

புகழேந்தி வாயைத் திறந்தான். என்ன சொல்வது? எத்தனையோ சாயங்காலம் அந்தப் படியில் உட்கார்ந்து சொல்லப் பார்த்திருக்கிறான். நன்றி என்கிற வார்த்தை மேடையில் பேசுகிறவர்களுக்கும் ஆபீஸ் கடிதத்துக்கும் உரியது. வீட்டில் யார் யாரிடம் அதைச் சொன்னார்கள்? கூடப்பிறந்தவளிடம் போய்ச் சொன்னால், உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

"மைக்கு முன்னாடின்னா அரை மணி நேரம் வாய் போவுது. ஆளைப் பாத்தா ஊமை" என்றாள் சந்திரம்மாள். எழுந்தாள். "அவ்ளோ பேசினியே, என் விளக்கைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சா உன் வாயில? வேணாம், இப்ப சொல்லாதே. நான் வீட்டுக்குப் போறேன். மீதியை அதுலயே சொல்லு. வலிப்பு கிலிப்புன்னு எடுத்தே, தொலைச்சுடுவேன். சம்பந்தி வீடு போளூர் ரோட்டுலதான் இருக்குது."

"அக்கா, காயிலைத் துடைச்சுட்டேன். இப்ப பழைய இடத்துக்குப் போயிருக்கும். ரேடியோ முள்ளைப் புதுச்சேரியில இருந்து அரை விரல்கடை மேல தள்ளி வெச்சுக்க."

"நான் எதுக்குத் தள்ளணும்? நீ வெச்சுட்டுப் போன இடத்துலதான் முள்ளு இருக்குது, ஆறு வருஷமா. நீ அங்க வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"திருநீறு கொண்டாரட்டுமா?" என்று எழிலரசி மெதுவாகக் கேட்டாள். புகழேந்திக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, கண்டன்சரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். டிரான்சிஸ்டரில் முள்ளைப் புதுச்சேரியில் வைத்து, காதோரம் பிடித்துக்கொண்டான். யாரோ உர மூட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். விசில் முதலில் கீச்சென்று கேட்டது, தடித்தது, பிறகு அடங்கியது. அக்கா வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். அடுப்பங்கரைக்குப் போயிருப்பாள். அவன் மைக்கை எடுத்தான்.

வாய் மறுபடியும் பூட்டிக்கொள்ளப் பார்த்தது. அப்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. இது ரேடியோ. ரேடியோவில் யாரும் வீட்டில் பேசுகிற மாதிரி பேசுவதில்லை. அறிவிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுதி வைத்த தமிழில் பேசுவார். அவனும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வணக்கம். இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் அக்காவுக்கு ஓர் அறிவிப்பு. காலையில் பாதியில் நின்றுபோனதன் தொடர்ச்சி இது. அன்றைக்கு நீ சொன்ன ஒரு பொய்யால் எனக்கு ஒரு வீடு இருந்தது. சோறு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பையன் எல்லாவற்றையும் கேட்டான், ஒன்றையும் மறக்கவில்லை. என் வீட்டில் முதல் விளக்கு நீ ஏற்ற வேண்டியது. அதை வேறு ஆளுக்குக் கொடுத்தது என் புத்தி கெட்டதனம். இதை நேரில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்."

பக்கத்தில் எழிலரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நன்றி அக்கா" என்றான். அவன் வாழ்நாளில் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை. "நன்றி. வணக்கம்" என்று இன்னொரு முறையும் சொல்லி, சுவிட்சை அணைத்துவிட்டு, குனிந்து உட்கார்ந்துகொண்டு சின்னப் பையனைப் போல அழுதான்.

ஒலிபரப்புகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவனுக்குத் திரும்பி வராது. எழிலரசி காபி கலந்து கொடுத்தாள். அவன் அதை வாசலில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். காபி ஆறி ஆடை படர்ந்தது. வெயில் மலை மேல் ஏறிப் போயிற்று.

சைக்கிள் மணி கேட்டது. ஓவியா. கேட்டுக்கு வெளியே காலை ஊன்றி நின்றுகொண்டு, பேப்பரும் பேனாவுமாக, "மாமா" என்றாள்.

"வாம்மா. உள்ள வா."

"நேரமில்ல மாமா. பத்திரிகை அச்சுக்குப் போவுது, அப்பா பிரஸ்ல காத்துக்கிட்டு இருக்காரு. தாய்மாமன் பேரு எப்படிப் போடணும்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. வெறும் பேரு போதுமா, கலெக்டர் ஆபீஸ்னும் சேத்துப் போடணுமா?"

அவன் எழுந்து கேட் வரை வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டான். "யாரு பேரு?" என்றான்.

"உங்க பேருதான். வேற யாரு பேரு?" ஓவியாவுக்குக் கண் கலங்கியது. மறைப்பதற்காகப் பேனா மூடியைக் கடித்தாள். "அப்புறம் இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. நன்றி கின்றின்னு வெளியாள் மாதிரி இன்னொரு தடவை பேசினீங்கன்னா ரேடியோவைத் தூக்கிக் கெணத்துல போட்டுடுவாங்களாம். ரேடியோவை அணைச்சுட்டு, உக்காந்த இடத்துல உக்காந்தே இருக்காங்க மாமா. அடுப்புல பால் பொங்கினதுகூட தெரியலை. நான்தான் எறக்கி வெச்சேன்."

புகழேந்தி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க மாமா. ஆபீஸ் பேரு போடலாமா?"

"ஆபீஸ் எல்லாம் வேணாம். புகழேந்தின்னு போட்டு, கீழ சந்திரம்மாள் தம்பின்னு போடச் சொல்லு."

"மாமா, தாய்மாமன்னாலே அம்மாவோட கூடப்பிறந்தவருன்னுதானே அர்த்தம். அதையே யாராவது ரெண்டு தடவை போடுவாங்களா?"

"போடச் சொல்லும்மா" என்றான் புகழேந்தி.

ஓவியா கைப்பிடி மேல் தாளை வைத்து, அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினாள்.